தவளைச் சத்தங்களைப் பிரித்து வைத்தவர்

தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்றி அவரை நான் பார்த்ததில்லை. மகன் பள்ளி வேனில் போவான். அதே பள்ளியில் இரண்டு வகுப்பு கீழே படித்த மகள் கால் மணி நேரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பஸ்ஸில் போவாள். வேன்காரர் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்.

"சீட்டு காலியாத்தான் கீதுக்கா. ரெண்டையும் ஏத்தி வுட்டா உனக்கும் ஒரே வேலையா பூடும்ல."

"அது பஸ்ஸுல வரட்டும்ணா," என்று சிரிப்பார் அவர். அவ்வளவுதான் பதில்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. கணவர் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். இவர் வேலை பார்த்ததோ பல்கலைக்கழகத்தில். என் மகள் ஆராய்ச்சி செய்த அதே துறையில், பேராசிரியர் ஒருவரின் குழுவுக்குக் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் ஒப்பந்த வேலை. குழுவில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் அவர் அக்கா. மகள் வீட்டில் ஓயாமல் அக்கா அக்கா என்று சொல்லியதில், பத்து வயது மூத்த நானும் அவரை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு நான் டீச்சர். சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடங்களை நினைத்தால் வானம் எப்போதும் மூடியே இருக்கிறது. வெயில் அடித்த நாட்களும் நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் நினைவில் மழைக்கு முந்தைய சாம்பல் வெளிச்சம்தான். அதில் அவர் ஸ்டேஷன் மேம்பாலத்தின் படிகளில் இறங்கி வருகிறார். தலையில் வெளிர்நீலத் துப்பட்டா, இரண்டு தோளிலும் இரண்டு பைகள். ஒரு பையில் ஒரு மூக்குக்கண்ணாடி, இன்னொரு பையில் இன்னொன்று. வீட்டுச் சாவியில் ஒன்று அவரிடம், ஒன்று இரும்புலியூரில் நாத்தனார் வீட்டில், ஒன்று ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில். செல்போனில் இருந்த நம்பர்களை எல்லாம் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்.

ஒரு ரம்ஜானுக்கு எங்கள் வீட்டுக்குச் சேமியா பாயசம் வந்தது. ஒரு சின்னத் தூக்கில் அவர் மகன் கொண்டுவந்தான். ஒரு மணி நேரம் கழித்து அதே மாதிரி இன்னொரு தூக்கில் அவர் மகள் கொண்டுவந்தாள். மறந்துபோய் இரண்டு தடவை அனுப்பிவிட்டாரோ என்று போன் செய்தேன்.

"இல்ல டீச்சர். ஒண்ணு வழியில கொட்டினாலும் ஒண்ணு வந்துடும்ல?"

அன்றைக்கு என் கணவர் சாப்பிடும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே பெண்ணைப் பெற்றவள் நான். சாயங்காலம் ஆறரை ஆனால் வாசலுக்கும் ஹாலுக்குமாக நடப்பவள். யாரோ என்னையும் மிஞ்சிப் பயப்படுகிறார் என்பது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்: இப்படிப் பிரித்துப் பிரித்து அனுப்புகிறீர்களே, வீட்டில் முன்பு ஏதாவது நடந்திருக்கிறதா?

"ஒண்ணுமே நடக்கல டீச்சர்," என்றார். "நடந்தப்புறம் பண்ணி என்ன பிரயோஜனம்?"

அவர் குரலில் பயமே இல்லை. மழை வருமா என்று பார்த்துவிட்டுக் குடை எடுத்துக்கொள்கிற மாதிரிதான் சொன்னார். அந்த வித்தியாசம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

என் மகளின் ஆராய்ச்சி தவளைகளைப் பற்றியது. மழைக்காலம் தொடங்கியதும் மாடம்பாக்கம் ஏரிக்கரை, பெரும்பாக்கத்துச் சதுப்பு, நாவலூருக்கும் சிறுசேரிக்கும் பின்னால் இருந்த குட்டைகள் என்று அந்தி நேரத்தில் போய், ஒரு நீளமான மைக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எந்த இனம் எந்தக் குரலில், எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறது என்பது அவளுடைய கணக்கு. அவள் பதிவு செய்த குட்டையில் அடுத்த வருடம் கம்பி கட்டியிருப்பார்கள். அதற்கடுத்த வருடம் அங்கே அடுக்குமாடியில் விளக்கு எரியும். போன மழையில் கேட்ட சத்தத்தை இன்னொரு தடவை போய்ப் பதிவு செய்ய முடியாது.

ஒரு சித்திரை மாதப் பகலில், மின்விசிறிகூடச் சூடான காற்றை வீசிக்கொண்டிருந்தபோது, அவள் ஹெட்போனை என் காதில் மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் மழை ஓய்ந்த சொட்டு. பிறகு தொலைவில் ஒன்று. அதற்குப் பதில் சொல்வதுபோல் அருகில் ஒன்று. பிறகு கரை முழுவதும். எங்கள் ஹாலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்ததும் வெயிலைப் பார்க்கவே கூசியது. "இது எந்த இடம்டி?" என்றேன். "இப்ப அங்க ஒண்ணும் இல்லம்மா," என்றாள்.

இந்தச் சத்தங்களை எங்கே வைப்பது என்பதுதான் அந்தக் குழுவின் தீராத பிரச்சினை. ஒரு மழைக்காலத்தின் பதிவுகளே ஒரு கம்ப்யூட்டரை நிரப்பிவிடும். பேராசிரியர் கூட்டம் போடுவார். ஒவ்வொருவரும் ஒரு வழி சொல்வார்கள். கடைசியில் அக்காவைக் கேட்பார்கள். அவர் ஒவ்வொன்றையும் பற்றி, சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார் என்று மகள் நடித்துக் காட்டுவாள்.

"பென் டிரைவா? துணியோட சேந்து ஊறப் போட்டுடுவீங்க. வெளி ஹார்ட் டிஸ்க் நல்லதுதான், ஆனா ஒரு தடவை கீழ விழுந்தா கோவிச்சுக்கும், அப்புறம் பேசாது. கம்ப்யூட்டர் சென்டர்ல இடம் குடுப்பாங்க, வருஷக் கடைசியில யாரு இதுன்னு கேட்டு அழிச்சிடுவாங்க. டி.வி.டி.க்கு வெயில் ஆகாது."

"அப்ப எதுதான்கா நல்லது?"

"எதுவுமே நல்லது இல்ல. அதனால ரெண்டு வேணும். ரெண்டும் ஒண்ணாத் தூங்கக் கூடாது."

மாதம் ஒருமுறை எல்லோருடைய பதிவுகளையும் டி.வி.டி.களில் எழுதுவார். எழுதியதோடு விடமாட்டார். ஒவ்வொரு தட்டையும் திரும்பப் போட்டு, நடுவில் ஓரிடத்தைத் திறந்து கேட்பார். "ஆரம்பம் எப்பவும் நல்லாத்தான் இருக்கும். நடுவுலதான் தொட்டுப் பாக்கணும்," என்பார். அப்படிக் கேட்டுக் கேட்டே, விலங்கியல் படிக்காத அவருக்குப் பல தவளைகளைக் குரலை வைத்துச் சொல்லத் தெரிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, டி.வி.டி.கள் போட்ட பழுப்புக் கவர் ஒன்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இது உங்க வீட்டுல இருக்கட்டும். பாப்பா கிட்ட சொல்ல வேணாம்."

"அவளோடதா?"

"இல்ல, வேற ஒரு பையனோடது. பாப்பாவோடது வேற வீட்டுல இருக்கு. யாரோடது எங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, ஒரு நாள் எடுத்துட்டு வந்து, இருக்கறதையும் இதையும் ஒரே பையில போட்டுக்கிட்டு டிரெயின்ல போவாங்க. பசங்க புத்தி."

கவரை என் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். யாருடைய பிள்ளையோ வருடக்கணக்கில் மழையில் நனைந்து சேர்த்தது என் பீரோவில் இருந்தது. புடவை எடுக்கும்போதெல்லாம் கை அதன்மேல் படும். அப்போதெல்லாம், என் பெண்ணுடையது எந்த வீட்டில், எந்தப் பெண்ணின் கை படும் இடத்தில் இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

மகளின் மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் துறைக்குப் பணம் வந்தது, சர்வர் வாங்கினார்கள். கறுப்பு நிறத்தில் ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு தட்டுகள். ஒன்றில் எழுதுவது அந்த நொடியே இன்னொன்றிலும் தானாக எழுதப்படும். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். பேராசிரியர் இதைக் குழுவுக்கு விளக்கினார். "கண்ணாடி மாதிரி. இனிமே பயமே வேண்டாம்."

அக்கா கேட்டாராம்: "நான் முடியை வெட்டிக்கிட்டா, கண்ணாடியில இருக்கறவ பின்னலோட நிப்பாளா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார். பிறகு இரண்டு உத்தரவுகள் வந்தன. எல்லோரும் எல்லாவற்றையும் சர்வரில் போட்டுவிட்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளைத் திருப்பித் தர வேண்டும். அவற்றை அழித்துப் புதிய மாணவர்களுக்குக் கொடுப்பார்கள். இரண்டாவது, பணம் கொடுத்தவர்களின் நிபந்தனை: எந்தப் பதிவும் வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது.

அன்று மாலை அவர் என்னிடம் வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை.

"அந்தக் கவர் இங்க இருக்கறது இப்ப தப்பு டீச்சர். வாங்கிட்டுப் போகவா, இருக்கட்டுமா? நீங்க சொல்றதுதான்."

"இருக்கட்டும்," என்றேன்.

"அப்ப இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

தலையை ஆட்டினேன். அதன்பிறகு புதிய டி.வி.டி.கள் எழுதுவதை அவர் நிறுத்திக்கொண்டார். பழையவற்றை யாரிடமிருந்தும் திரும்ப வாங்கவில்லை.

மகள் ஆய்வேட்டை எழுத உட்கார்ந்த வருடம். சர்வர் நிரம்பிவிட்டது, ஆளாளுக்குக் கொஞ்சம் அழியுங்கள் என்று குழுவில் சத்தம். மகளுடைய பதிவுகள் அவளுடைய கம்ப்யூட்டரில் இரண்டு இடத்தில் தெரிந்தன. ஒன்று கறுப்புப் பெட்டியின் முதல் தட்டு, மற்றது இரண்டாம் தட்டு என்று நினைத்தாள். உண்மையில் இரண்டும் ஒன்றுதான். ஒரே அறைக்கு இரண்டு வாசல். ஒரு வாசல் வழியாகப் போய் எல்லாவற்றையும் அழித்தாள். மற்ற வாசலைத் திறந்து பார்த்தபோது அங்கேயும் அறை காலி. கறுப்புப் பெட்டிக்குள் இரண்டு தட்டுகளும் அந்த நொடியே, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துமுடித்திருந்தன. நான்கு மழைக்காலங்களும் போய்விட்டன.

எனக்குப் பள்ளித் தலைமையாசிரியர் அறைக்குப் போன் வந்தது. எட்டாம் வகுப்பில் பாதிக் கணக்கில் நிறுத்திவிட்டு ஓடினேன்.

"டீச்சர், பாப்பா என் கூட இருக்கு," என்றார் அக்கா. "முதல்ல அதைக் கேட்டுக்குங்க. என் கூட இருக்கு. கையைப் பிடிச்சிட்டிருக்கேன்."

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். பிளாட்பாரத்தின் கடைசியில், கூரை முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில், ஒரு சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் துப்பட்டா நுனியை அக்கா தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். மகள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

பிறகு அக்கா தனியாகச் சொன்னார். மதியம் மகள் யாரிடமும் எதுவும் பேசாமல் பையைக்கூட எடுக்காமல் எழுந்து போனாளாம். அவருக்கு என்னவோபோல் இருக்கப் பின்னாலேயே போயிருக்கிறார். மகள் பிளாட்பாரத்தின் கடைசியில் போய் நின்றாள். மூன்று வண்டிகள் வந்து போயின. எதிலும் ஏறவில்லை. நான்காவது வருவதற்குள் இவர் போய்த் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார்.

அங்கே ஏன் நின்றாய் என்று மகளை இன்றுவரை நான் கேட்டதில்லை. அந்த ஸ்டேஷனை வண்டி தாண்டும்போது இப்போதும் பிளாட்பாரத்தின் கடைசியை எட்டிப் பார்க்கிறேன். அவள் போனை எடுப்பதற்குள் நாலு தடவை மணி அடித்துவிட்டால், வாசலுக்கும் ஹாலுக்குமாக நடக்கத் தொடங்கிவிடுகிறேன். அவளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. இருந்தும் அப்படித்தான்.

அன்று வீட்டுக்கு மூவரும் ஒரே ஆட்டோவில் வந்தோம். அக்காவை நடுவில் உட்காரவைத்து மகள் ஒருபக்கம், நான் ஒருபக்கம். வழியெல்லாம் அவர் மகளின் காதருகில் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "இருக்கு பாப்பா. போகல. எடுத்துத் தரேன். இருக்கு."

மறுநாள் நாவலூரில் ஒரு வீட்டிலிருந்து கவர் வந்தது. குழுவில் இருந்த ஒரு பெண்ணின் மாமி வீடு. ஒவ்வொரு தட்டாகப் போட்டார்கள். எல்லாம் திறந்தன. மூன்று மழைக்காலங்கள் அப்படியே இருந்தன. சர்வர் வந்த பிறகு பதிவு செய்த கடைசி மழை மட்டும் எங்கும் இல்லை. மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் தட்டைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே பாதி இட்லி சாப்பிட்டாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மூன்று வருடப் பதிவுகளோடு ஆய்வேட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்க, அடுத்த வாரம் நானே பேராசிரியரைப் பார்க்கப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. காபி வரவழைத்தார். ஏற்றுக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம்.

"ஆனா மேடம், ஒண்ணு சொல்லணும். சர்வர் மேல தப்பு இல்ல. அது சரியாத்தான் வேலை செஞ்சுது. உங்க பொண்ணோட கவனக்குறைவுதான்."

கவனக்குறைவு. அந்தச் சொல்லைக் கேட்டதும் பிளாட்பாரமும் பெஞ்சும் கண்முன் வந்தன. என் பெண்ணை அந்தச் சொல்லோடு அந்த அறையில் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

"உங்க பெட்டியை நம்பினதுதான் சார் அவ பண்ண கவனக்குறைவு," என்றேன். "அக்கா மாத்திரம் வீடு வீடாக் குடுத்து வெக்கலேன்னா இன்னிக்கு எதுவுமே இருந்திருக்காது. நாவலூர்ல இருந்துதான் எடுத்தாங்க. எங்க வீட்டு பீரோவுலயும் ஒருத்தரோடது இருக்கு, தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. பழைய தட்டுகள் துறையின் அலமாரியிலேயே கிடைத்ததாக அக்கா சொல்லியிருந்தார். பேராசிரியர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "வீடு வீடாவா?" என்று மெதுவாகக் கேட்டார். அதன் பிறகு நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. படி இறங்கும்போது, வாதத்தில் ஜெயித்துவிட்ட நிறைவு எனக்கு இருந்தது. கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

அடுத்த மாதம் அக்காவுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மேலிடத்து முடிவு என்று மகள் வந்து சொன்னாள். காரணம் யாருக்கும் தெரியவில்லையாம்.

இரண்டு நாள் பொறுத்து அவர் வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். நான் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"நான்தான் சொன்னேன்," என்றேன்.

"தெரியும் டீச்சர். உங்க பீரோ எனக்கும் உங்களுக்கும் மட்டும்தானே தெரியும். சார் அதைச் சொல்லிக் கேட்டப்பவே தெரிஞ்சிடுச்சு."

மீண்டும் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினார். ஜன்னலுக்கு வெளியே மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டிருந்தது.

"பேசாம இருந்திருக்கலாம் டீச்சர்," என்றார்.

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது சரியாக நினைவில்லை. கேட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"பாப்பா கிட்ட எதுவும் சொல்லாதீங்க. இப்பதான் எழுத உக்காந்திருக்கு. தன்னாலதான் எனக்கு வேலை போச்சுன்னு தெரிஞ்சா பேனாவைக் கீழ வெச்சிடும். முடிக்கட்டும்."

நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. மகள் போன் செய்தால் அவர் எடுப்பதில்லை. மகளிடம் பொய் சொல்ல அவருக்கு வராது என்று எனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் கணவருக்கு ஆம்பூரில் வேலை என்று வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். முன்வாசலில் நின்ற லாரியில் பாதிச் சாமான், மறுநாள் வந்த வேறொரு லாரியில் மீதி. நான் தெருமுனையில் நின்று பார்த்தேன், பக்கத்தில் போகவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாங்கம்மா," என்றாள் மகள். "வேற நல்ல வேலை கிடைச்சிருக்கும்போல. கிடைக்கட்டும். அன்னிக்கு அப்படி என் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தவங்க, ஒரு போன் எடுக்கக் கூடாதா?"

"வேலை இருந்திருக்கும்டி," என்றேன்.

ஆய்வேட்டின் முதல் வரைவில் நன்றிப் பக்கத்தில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன். பென்சிலால் அதன்மேல் ஒரு கோடு இழுத்திருந்தாள்.

ஏட்டை பைண்டிங் செய்யக் கொடுத்தது தாம்பரம் ஸ்டேஷன் அருகே ஒரு சின்னக் கடையில். மகளுக்கு அன்று கையெழுத்து வாங்கும் அலைச்சல். அச்சடித்த தாள்களைக் கடையில் கொடுத்து, முடியும்வரை உட்கார்ந்திருந்து வாங்கிவர என்னை அனுப்பியிருந்தாள். ஐந்து பிரதிகள். கடைக்காரர் ஒவ்வொரு கட்டையும் தட்டித் தட்டி ஓரம் சமமாக்கி வைத்தார். நான் மேலே இருந்த பிரதியைப் புரட்டினேன். நன்றிப் பக்கம். பேராசிரியர், பணம் கொடுத்தவர்கள், ஏரிக்கரைக் காவலாளி, சிறுசேரி வரை கடைசி பஸ்ஸை அவளுக்காக நிறுத்தி வைத்த டிரைவர், அப்பா. பிறகு எனக்கென்று தனியாக நான்கு வரி. நானில்லாமல் இந்த ஏடு இல்லை என்று எழுதியிருந்தாள்.

மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தேன். அக்கா பெயர் இல்லை. மாற்ற வேண்டியது ஒரு பக்கம்தான். எதிர்க்கடையில் அச்சடித்துக்கொண்டு வர ஐந்து நிமிடம் ஆகும். மகளைக் கூப்பிட்டுச் சொல்ல இன்னும் ஐந்து நிமிடம். செல்போன் கையில்தான் இருந்தது. அக்கா கேட்டுக்கொண்டது முடிக்கும்வரைதான். அது முடிந்து என் எதிரில் அடுக்கியிருந்தது.

கடைக்காரர் பசைப் பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, அந்தப் பேஜையே பாத்துகினு கீறீங்க? எதனா மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க. பசை போட்டுட்டா பிரிக்க முடியாது."

"ஒண்ணும் இல்ல," என்றேன். "போட்டுடுங்க."